மங்கம்மாள் சாலையில் எங்கே நிற்பது?

கோடு போட்ட ஒரு பழைய பள்ளிக்கூட நோட்டில்தான் பயணத் திட்டத்தை எழுத ஆரம்பித்தோம். போகப்போவது நான்கு பெண்கள். பெரியம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது. மதினியும் நானும் நாற்பதைத் தாண்டியவர்கள். வண்டி ஓட்டப்போவது மதினியின் மகள். உரிமம் வாங்கி ஒரு வருடம்தான் ஆகிறது. பாலவனத்தத்தில் பெரியம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, மதுரையிலிருந்து கன்னியாகுமரி வரை மங்கம்மாள் சாலையில் போய்வருவது என்று முடிவு செய்தோம். கோயிலுக்கு நேர்ந்துகொண்டதில்லை, கல்யாண வீடுமில்லை, துக்க வீடுமில்லை. ஒரு பெண்ணின் பெயரைத் தாங்கியிருக்கும் பழைய சாலையைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

நான் நோட்டில் ஊர்ப் பெயர்களை எழுதினேன். மதுரை, திருமங்கலம், விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி, கயத்தாறு, திருநெல்வேலி, நாங்குநேரி, கன்னியாகுமரி. பக்கத்தில் கிலோமீட்டர் கணக்கு. மொத்தம் ஏறக்குறைய 240. நான்குவழிச் சாலையில் நான்கு மணி நேரத்தில் போய்விடலாம் என்று சொன்னேன். பெரியம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“போறது சரித்தா. எங்கெங்க நிக்கிறது?”

எனக்கு உடனே விளங்கவில்லை. மதினி விளக்கினார். பெரியம்மா பேருந்தில் ஏறுவதற்கு முந்திய இரவே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார். அருப்புக்கோட்டை போவதானாலும் சரி, மதுரை ஆஸ்பத்திரிக்குப் போவதானாலும் சரி, நாக்கு வறண்டுதான் போவார், வறண்டுதான் வருவார். வழியில் இறங்க இடம் இருக்காது என்பது அவர் ஐம்பது வருடமாகப் படித்து வைத்திருக்கும் பாடம். மதினியும் அப்படித்தான். யோசித்துப் பார்த்தால் நானும் அப்படித்தான். தண்ணீர் பாட்டிலைப் பையில் வைத்துக்கொண்டு, அதைத் திறக்காமலே ஊர் போய்ச் சேர்ந்த நாட்கள் எத்தனையோ.

அந்தக் கேள்விக்குப் பிறகு நோட்டில் ஊர்ப் பெயர்களுக்குப் பக்கத்தில் மூன்று கட்டங்கள் போட்டோம். நிழல், தண்ணீர், ஒதுங்க இடம். பிறகு இரவு தங்க இடம் என்று நான்காவதாக ஒன்று. அந்தக் கட்டங்களை நிரப்ப உட்கார்ந்தபோதுதான் மங்கம்மாள் என்ன செய்தார் என்பது எனக்குப் புரிய ஆரம்பித்தது.

*

மதுரை நாயக்க அரசர் சொக்கநாத நாயக்கரின் மனைவி மங்கம்மாள். சொக்கநாதர் 1682-ல் இறந்தார். மகன் அரங்ககிருஷ்ண முத்துவீரப்ப நாயக்கர் பட்டத்துக்கு வந்து, ஏழே ஆண்டுகளில், 1689-ல், பெரியம்மை கண்டு இறந்துபோனார். அப்போது அவர் மனைவி சின்ன முத்தம்மாள் கர்ப்பிணி. குழந்தை பிறந்தது, தாய் பிழைக்கவில்லை. அந்தப் பேரன் விஜயரங்க சொக்கநாதனின் பெயரால், அவனுக்கு வயது வரும்வரை, 1689 முதல் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக மங்கம்மாள் ஆட்சி நடத்தினார். தலைநகரம் அப்போது திருச்சிராப்பள்ளி. திருச்சியிலிருந்து குமரிமுனை வரை நீண்ட நாடு அது.

கணவன் இறந்தால் அரச குடும்பத்துப் பெண்கள் உடன்கட்டை ஏறுவது பெருமையாகப் பேசப்பட்ட காலம். சின்ன முத்தம்மாள் கணவனோடு எரிந்துபோகவே விரும்பினார் என்றும், வயிற்றுப் பிள்ளையைக் காட்டித் தடுத்தார்கள் என்றும், பிரசவம் முடிந்ததும் தானே உயிரை முடித்துக்கொண்டார் என்றும் வரலாற்று நூல்கள் சொல்கின்றன. எங்கள் வறண்ட சீமையோடு ஒட்டிய கதை இன்னும் கொடியது. இராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதி 1710-ல் இறந்தபோது அவருடைய மனைவியர் 47 பேர் சிதையில் எரிந்தார்கள் என்று அக்காலத்து ஏசுசபைப் பாதிரியாரின் கடிதம் பதிவு செய்திருக்கிறது. நாற்பத்தேழு பெண்கள். அவர்களில் ஒருவரின் பெயர்கூட எங்கள் பக்கத்தில் யார் வாயிலும் இல்லை.

மங்கம்மாள் சிதையில் ஏறவில்லை. முதல் தடவை கணவனைப் பறிகொடுத்தபோது மகன் ஆட்சிக்காக இருந்தார். இரண்டாவது தடவை மகனைப் பறிகொடுத்தபோது பேரனுக்காக இருந்தார். இப்படித்தான் அவர் வாழ்ந்ததற்கு நாம் காரணம் சொல்கிறோம். உயிரோடு இருப்பதற்கு ஒரு பெண் யாரையாவது காரணம் காட்ட வேண்டியிருந்தது. ஆனால் இருந்த காலத்தில் அவர் செய்ததைப் பார்த்தால், யாருக்காகவோ காலம் தள்ளிய பெண்ணாகத் தெரியவில்லை. முகலாயப் படை தெற்கே வந்தபோது கப்பம் கட்டி நாட்டைக் காத்தார். திருவிதாங்கூர், தஞ்சாவூர், மைசூர், இராமநாதபுரம் என்று நாலாபக்கமும் போரும் பேச்சும் நடத்தினார். கிறித்துவப் பாதிரிமார்களைத் தம் நாட்டில் நடமாட விட்டார். திருச்சி நத்தர்வலி தர்காவுக்குக் கொடை கொடுத்தார். இவற்றோடு சாலைகள் போட்டார், கரையெல்லாம் மரம் வைத்தார், கிணறு வெட்டினார், சத்திரம் கட்டினார்.

மங்கம்மாள் சாலை என்பது ஒற்றைச் சாலையின் பெயராக மட்டும் நிற்கவில்லை. மதுரையிலிருந்து குமரி போகும் பெருவழிக்கு அந்தப் பெயர் உண்டு. தென்காசிப் பக்கம் போனாலும் மங்கம்மாள் சாலை என்று ஒன்றைக் காட்டுவார்கள். திருநெல்வேலிச் சீமையில் பழைய மரங்கள் வரிசையாக நிற்கும் சாலை எதுவானாலும் அவர் பேரைச் சொல்லும் வழக்கம் இருந்தது. இரண்டு பக்கமும் மரம் நின்றால் அது மங்கம்மாள் போட்டது. மக்கள் அவரை நினைவில் வைத்துக்கொண்டது நிழலை வைத்துத்தான்.

*

அவர் ஏன் சாலை போட்டார்? இந்தக் கேள்விக்குப் பெரியம்மாவிடம் ஒரு பதில் இருந்தது. அது ஊரறிந்த கதை.

“ஒரு நா நெனவில்லாம எடது கையால வெத்தலையை எடுத்து வாயில போட்டுட்டாளாம். பெரிய பாவமாப் போச்சாம். அதுக்குப் பரிகாரந்தான் இம்புட்டுச் சத்திரமும் சாவடியும்.”

இந்தக் கதை வாய்வழியாக ஓடி, ஆங்கிலேயர் காலத்து மாவட்டக் கையேடுகள் வரை ஏறிவிட்டது. இதோடு ஒட்டிக்கொண்டு இன்னொரு பேச்சும் உண்டு: அவருக்கும் ஓர் அமைச்சருக்கும் உறவு என்ற வதந்தி. அரசாண்ட விதவையைப் பற்றி ஆண்கள் பேச இந்த இரண்டும் போதுமானதாக இருந்தது போலும். ஒன்று அவள் கையில் குற்றம், மற்றது அவள் படுக்கையில் குற்றம்.

ஷேர்ஷா வங்கத்திலிருந்து பஞ்சாப் பக்கம் வரை பெருவழி அமைத்து, வழியெங்கும் சராய்கள் கட்டினார். அதைப் பள்ளிக்கூடத்தில் நிர்வாகத் திறமை என்று படித்தோம். தேர்வில் ஐந்து மதிப்பெண் கேள்வி. அவர் எந்தக் கையால் என்ன தின்றார் என்று ஒருவரும் கேட்டதில்லை. அசோகர் சாலையோரம் ஆலமரம் நட்டதையும் கிணறு வெட்டியதையும் தம் தூண் கல்வெட்டிலேயே எழுதி வைத்தார். அவருக்கும் ஒரு குற்றவுணர்வு உண்டு என்பது உண்மைதான். கலிங்கப் போரில் விழுந்த பிணங்களைக் கண்டு வந்த குற்றவுணர்வு. அது உலக வரலாற்றின் திருப்புமுனை ஆகிறது. மங்கம்மாளுக்குக் கிடைத்ததோ ஒரு வெற்றிலை. அவரும் போர் நடத்தினார், அவர் படையிலும் எதிர்ப்படையிலும் ஆட்கள் செத்தார்கள். வருந்த வேண்டியிருந்தால் அதற்கு வருந்தியிருக்கலாம். ஆனால் கதை சொன்னவர்கள் அந்தப் பெருமையையும் அவருக்குக் கொடுக்கவில்லை.

நான் இதைச் சொன்னதும் மதினி சிரித்தார். “எடது கையிதான நமக்கு ஓயாத வேலை. புள்ளைக்குக் கால் கழுவி விடுறது, கஞ்சி வடிக்கயில சட்டியப் பிடிக்கிறது. அதுல போயி வெத்தலையத் தொட்டா பாவமாக்கும்.”

சாலை என்பது அந்தக் காலத்தில் அரசின் நரம்பு. கரிசல் மண்ணில் மழை பெய்தால் வண்டிச் சக்கரம் அச்சுவரை இறங்கிவிடும். பருத்தியும் உப்பும் தவசமும் நகர வேண்டுமானால் மாட்டு வண்டி ஓட வழி வேண்டும். சுங்கம் வசூலாக வேண்டுமானால் வியாபாரி வந்துபோக வேண்டும். படையும் அதே வழியில்தான் போகும். 1690-களில் திருவிதாங்கூரிடம் கப்பம் கேட்டு மங்கம்மாளின் தளவாய் நரசப்பையா படை நடத்தித் தெற்கே போனார். கிழக்கே சேதுபதியோடு நடந்த போர் மதுரைக்குத் தோல்வியில் முடிந்தது. நரசப்பையாவும் அதில் இறந்தார். சாலை போட்டவர் என்பதற்காக மங்கம்மாளைப் புனிதவதி ஆக்க வேண்டியதில்லை. அவர் அரசாண்டவர். அரசு நடத்துகிறவர் செய்யும் காரியங்களைச் செய்தார். அதைப் பாவமும் பரிகாரமுமாகச் சுருக்காமல், ஆட்சி என்று சொல்லிவிட்டால் போதும்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். படைக்கும் சுங்கத்துக்கும் தளம் போதும். நிழலும் கிணறும் இரவு தங்கச் சத்திரமும், நடந்து போகிறவர்களை நினைத்துப் பார்க்கிறவருக்குத்தான் தோன்றும். மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் மங்கம்மாள் சத்திரத்தின் வயது ரயிலைவிட மிக அதிகம். ரயில் மதுரைக்கு வந்தது 1875-ல். இரும்புப் பாதை வருவதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேல் முன்பே, வந்து சேர்கிறவர்களுக்கு ஓரிடம் வேண்டும் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். எங்கள் நோட்டில் முதல் நிறுத்தமாக அதைத்தான் எழுதினோம். இரண்டாவது தமுக்கம் அரண்மனை. அது இன்று காந்தி நினைவு அருங்காட்சியகம்.

*

பெரியம்மா இரண்டாவது கேள்வி கேட்டார். “அந்தச் சத்திரத்துல நம்மள உள்ள விட்டுருப்பாகளா?”

சத்திரங்களைப் பற்றிய பெருமைப் பேச்சில் இந்தக் கேள்வி வருவதில்லை. சத்திரங்களில் சாதி பார்த்துத்தான் பந்தி. யாருக்கு உள்ளே சமைத்துப் போடுவது, யாருக்குத் திண்ணை, யாருக்கு வாசலுக்கு வெளியே மரத்தடி என்பது வழக்கத்தால் தீர்மானமானது. சாலை எல்லாருக்கும் என்று சொல்லப்பட்ட இடத்திலும் நிற்குமிடம் எல்லாருக்கும் இல்லை.

எங்கள் பக்கத்து வரலாற்றிலேயே இதற்குச் சாட்சி உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நாடார் வணிகர்கள் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வடக்கே வந்தபோது, ஒரு நாள் வண்டிப் பயணத்துக்கு ஒன்றாகப் பேட்டைகள் கட்டிக்கொண்டார்கள். சுற்றுச்சுவரும் கிணறும் சரக்கு வைக்க இடமும் உள்ள பேட்டைகள். வண்டிக்கு இவ்வளவு, மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை வசூலித்து அவற்றை நடத்தினார்கள். இராமநாதபுரத்தின் ஆறு ஊர்கள் என்று பேர்பெற்றவை சிவகாசி, விருதுநகர், திருமங்கலம், சாத்தூர், பாளையம்பட்டி, அருப்புக்கோட்டை. இவற்றில் கடைசி இரண்டும் எங்களுக்குப் பக்கத்து ஊர்கள். அருப்புக்கோட்டைச் சந்தைக்குப் போகிறவர்கள் பேட்டை என்ற சொல்லை இன்றும் சொல்கிறோம். நிற்க இடம் கிடைக்காதவர்கள் கட்டிய நிறுத்தம் அது என்று நினைத்துப் பார்ப்பதில்லை.

அமெரிக்காவிலும் இப்படி ஒரு கதை இருக்கிறது. சிகாகோவிலிருந்து மேற்குக் கடற்கரை வரை 1926-ல் வகுத்த 66-ஆம் எண் நெடுஞ்சாலையைத் தாய்ச்சாலை என்று கொண்டாடுவார்கள். 1985-ல் அதன் எண்ணை அரசுப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். இருந்தாலும் பழைய சாலையைத் தேடி உலகமெங்குமிருந்து ஆட்கள் வண்டியெடுத்துக்கொண்டு போகிறார்கள். அந்தச் சாலையோரத்து ஊர்கள் பலவற்றில் கறுப்பின மக்கள் பொழுது சாய்ந்தபின் நிற்கக்கூடாது. தங்கும் விடுதி கிடையாது, சாப்பாட்டுக் கடை கிடையாது, கழிப்பறை கிடையாது. நியூயார்க்கைச் சேர்ந்த தபால்காரரான விக்டர் ஹியூகோ கிரீன் என்ற கறுப்பினத்தவர், எங்கே நிற்கலாம் என்று மட்டும் சொல்லும் ஒரு கையேட்டை 1936 முதல் வெளியிட்டார். முப்பது ஆண்டுகள் அது வந்தது. அதில் இருந்த முகவரிகள் பல, தங்கள் வீட்டு அறையைத் திறந்துவிட்ட கறுப்பினப் பெண்களுடையவை. பேட்டையும் அந்தக் கையேடும் ஒரே தேவையில் பிறந்தவை. தாய்ச்சாலை என்று பேர் வைத்தாலும் மங்கம்மாள் சாலை என்று பேர் வைத்தாலும், யாரை நிற்க விடுகிறது என்பதில்தான் சாலையின் குணம் தெரியும்.

நல்ல முன்மாதிரியும் ஒன்று சொல்ல வேண்டும். தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி 1801-ல் கம்பெனியின் பிரதிநிதிக்கு எழுதிய கடிதத்தில், இராமேசுவரம் போகும் வழியில் இருந்த தம் குடும்பத்துச் சத்திரங்களில் என்னென்ன நடக்கின்றன என்று விவரிக்கிறார். பிராமணர் முதல் பறையர் வரை எல்லாருக்கும் உணவு உண்டு. நோயுற்றவர்களுக்கு வைத்தியர் உண்டு. வழியில் பிரசவ வலி கண்ட பெண்ணுக்கு மருத்துவச்சியும் பத்தியச் சாப்பாடும் உண்டு; பிள்ளை பெற்ற பிறகு மூன்று மாதம் வரை அவள் அங்கேயே தங்கலாம். எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள் என்று நான் நம்பவில்லை. ஆனாலும் பாதையில் நடந்து வருகிறவர்களில் கர்ப்பிணியும் இருப்பாள் என்று ஒரு நிர்வாகம் எண்ணிப் பார்த்திருக்கிறது.

*

அப்படி எண்ணிப் பார்க்காத பாதைகளில் என்ன நடந்தது என்பதற்கு எங்கள் ஊர்ப்பக்கம் கல்லே சாட்சி.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் பழைய வண்டிப்பாதை ஓரங்களில் சுமைதாங்கிக் கற்களைப் பார்க்கலாம். இரண்டு கல் நட்டு, மேலே ஒரு கல் படுக்க வைத்திருப்பார்கள். மார்பு உயரம் இருக்கும். தலையில் விறகுக் கட்டோ பருத்திப் பொதியோ நெல் மூட்டையோ சுமந்து வருகிறவள், இன்னொருவர் கை இல்லாமல் தானே சுமையை இறக்கி வைத்து இளைப்பாறலாம். மறுபடி தானே தலைக்கு ஏற்றிக்கொள்ளலாம். இவற்றில் பெரும்பாலானவை கர்ப்பத்தோடு இறந்துபோன பெண்களின் நினைவாக அவர்கள் வீட்டார் நட்டவை. வயிற்றுச் சுமையை இறக்க முடியாமல் போனவளுக்காக, வழியில் போகிறவர்களின் சுமையை இறக்க ஒரு கல்.

பெரியம்மாவின் சித்திக்கு அப்படி ஒரு கல் உண்டு. பாலவனத்தத்திலிருந்து அருப்புக்கோட்டை போகும் வழியில். முதல் பிள்ளைக்கு வலி கண்டு, இரவு மாட்டு வண்டியில் தூக்கிப்போட்டுக்கொண்டு போனார்கள். வழியில் நிறுத்திப் பார்க்க விளக்கில்லை, மருத்துவச்சி இல்லை, ஒரு வாய் வெந்நீர் வாங்க வீடில்லை. வண்டி ஊர் சேருமுன் எல்லாம் முடிந்துவிட்டது. பெரியம்மாவின் தாத்தா அந்த இடத்திலேயே கல் நட்டார். சின்னப் பிள்ளையாக இருந்தபோது அந்தக் கல்லில் புல்லுக்கட்டை இறக்கி வைத்துவிட்டு நின்றதைப் பெரியம்மா சொல்வார். “சித்தி மடியில எறக்கி வச்ச மாதிரி இருக்கும்.” சாலையை அகலப்படுத்தியபோது மேல்கல் சரிந்துவிட்டது. இப்போது ஒரு கால் மட்டும் மண்ணுக்கு மேலே தெரிகிறது.

பாலவனத்தம் என்றால் தமிழ் படித்தவர்களுக்குப் பாண்டித்துரைத் தேவர் நினைவுக்கு வருவார். 1901-ல் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தைத் தொடங்கிய பாலவனத்தம் ஜமீன்தார். வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனிக்குத் தலைவராக இருந்தவரும் அவர்தான். அந்தப் பெருமை எங்களுக்கும் உண்டு. ஆனால் ஊரின் வரலாறு தமிழ்ச் சங்கத்தோடும் கப்பலோடும் முடிந்துவிடவில்லை. பாதியாகச் சரிந்து கிடக்கும் அந்தக் கல்லும் எங்கள் ஊரின் வரலாறுதான். அதற்கு ஏடு இல்லை, பெரியம்மா மட்டும்தான்.

சாலையைப் போட்ட கைகளுக்கும் ஏடு கிடையாது. 1876 முதல் 1878 வரை நீண்ட தாது வருஷப் பஞ்சத்தில், சென்னை மாகாணமெங்கும் நிவாரண வேலை என்று சாலைக்குக் கல் உடைக்க வைத்தார்கள். பஞ்சத்தில் அடிபட்டு வந்தவர்களில் பெண்களும் குழந்தைகளும் ஏராளம். 1877-ல் ரிச்சர்டு டெம்பிள் கூலியைக் குறைத்தார். ஒரு நாள் முழுக்க உழைத்த ஆணுக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசும். பெண்ணுக்கு அதிலும் குறைவு. நூறு நாள் வேலையில் எங்கள் ஊர்ப் பாதையோரம் மண்வெட்டியோடு நிற்பவர்களிலும் பெண்களே அதிகம். மங்கம்மாள் போட்ட சாலை என்று நாம் சொல்லும்போது, ஆணையிட்ட பெண்ணோடு கூடை சுமந்த பெண்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

*

நோட்டின் கட்டங்களுக்குத் திரும்புகிறேன்.

நிழல்: முன்பு இந்தச் சாலையோரத்தில் புளியமரங்கள் நின்றன. மரத்துக்கு எண் போட்டு, கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்து, வருடா வருடம் புளி மகசூலை ஏலம் விடுவார்கள். உலுக்கிப் பொறுக்கும் வேலை பெண்களுடையது. நான்குவழிச் சாலைக்காக அகலப்படுத்தியபோது பழைய மரங்கள் போய்விட்டன. நடுவில் இப்போது அரளிச் செடிகள் பூத்திருக்கின்றன. பார்க்க அழகு, நிற்க நிழல் இல்லை.

தண்ணீர்: கடையில் பாட்டில் கிடைக்கும். காசு கொடுத்தால்.

ஒதுங்க இடம்: கப்பலூர், எட்டூர்வட்டம், சாலைப்புதூர், நாங்குநேரி என்று நான்கு சுங்கச்சாவடிகள். அங்கே கழிப்பறைகள் உண்டு. பெட்ரோல் பங்குகளில் உண்டு. சிலவற்றில் பூட்டியிருக்கும், சாவி ஓர் ஆணிடம் இருக்கும். சாவியைக் கேட்பது என்பதே பெரியம்மாவுக்கு முடியாத காரியம். “அவென் பாத்துக்கிட்டு நிப்பான்” என்கிறார். மதினியின் மகள், “நான் கேக்குறேன் பெரியாச்சி, வண்டிய எடுக்கிறவ நான்” என்றாள். நோட்டில் அந்த வேலை அவள் பேரில் எழுதப்பட்டது.

தங்க இடம்: திருநெல்வேலியில் ஓர் இரவு, கன்னியாகுமரியில் ஓர் இரவு. ஆண் துணை இல்லாமல் நான்கு பெண்கள் வந்து அறை கேட்டால் கவுண்டரில் இருப்பவர் முகம் எப்படி மாறும் என்று எங்களுக்குத் தெரியும். முன்கூட்டியே பேசிவைத்தோம்.

சொந்த வண்டி இல்லாதவர்களுக்கு இந்தத் திட்டம் இன்னும் கடினம். 2021 முதல் நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அது எங்கள் பக்கத்தில் எத்தனை பெண்களை வேலைக்கும் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது என்பதை ஏறிப் பார்த்தால்தான் தெரியும். ஆனால் அந்தச் சலுகை தொலைதூரப் பேருந்தில் செல்லாது. பெண் வேலைக்குப் போகலாம், வீட்டுக்கு வரலாம். சும்மா ஊர் பார்க்கப் போவதற்கு இன்னும் கணக்குச் சொல்ல வேண்டும்.

1909-ல் ஆலிஸ் ராம்சே என்ற இருபத்திரண்டு வயதுப் பெண் நியூயார்க்கிலிருந்து சான்பிரான்சிஸ்கோ வரை கார் ஓட்டிப் போனார். கூடப் போன மூன்று பெண்களுக்கும் வண்டி ஓட்டத் தெரியாது. அமெரிக்காவைக் குறுக்காகக் கடந்த முதல் பெண் ஓட்டுநர் அவர். சேறும் மணலுமான பாதையில் 59 நாள் ஆனது. இதைச் சொன்னபோது மதினியின் மகளுக்கு உற்சாகம் தாங்கவில்லை. அவளும் ஓட்டத் தெரியாத மூன்று பேரைத்தான் ஏற்றிக்கொண்டு போகிறாள். பெரியம்மா மட்டும், “அம்பத்தொம்பது நா தண்ணி குடிக்காம எப்பிடி இருந்தாளுக?” என்று கேட்டார்.

சாலை முடிவதற்கு முன்பே மேற்கே திரும்பினால் ஆரல்வாய்மொழிக் கணவாய். அதைத் தாண்டினால் பழைய திருவிதாங்கூர். மார்பை மறைக்கும் உரிமைக்காக நாடார் பெண்கள் அங்கே பல பத்தாண்டுகள் அடிபட்டார்கள். 1859 ஜூலையில்தான் மன்னரின் ஆணை வந்தது. அதுவும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக்கூடாது என்ற நிபந்தனையோடு. சாலையில் நடமாடும் உடம்பு எப்படி இருக்க வேண்டும் என்று அரசு சட்டம் போட்ட ஊர். அதனால் அங்கேயும் ஒரு நிறுத்தம் எழுதினோம்.

*

மங்கம்மாளின் முடிவைப் பற்றியும் ஒரு கதை உலவுகிறது. பேரனுக்கு வயது வந்தபின் அதிகாரத்தைக் கொடுக்க மறுத்தார் என்று சொல்லி அவரைச் சிறை வைத்தார்களாம். சாப்பாட்டைக் கண்ணில் படுகிற இடத்தில், கைக்கு எட்டாமல் வைத்துப் பட்டினி போட்டே கொன்றார்களாம். நடந்தது இதுதானா என்று உறுதிசெய்யச் சான்று போதாது. ஆனால் நாட்டு மக்கள் இப்படித்தான் சொல்லி வந்திருக்கிறார்கள். பெரியம்மா சொல்லும் கதையில் சோற்றோடு ஒரு செம்புத் தண்ணீரும் இருக்கும்.

“ஊரு முச்சூடும் கெணறு வெட்டுனவளுக்கு ஒரு மொடக்குத் தண்ணி குடுக்கலத்தா.”

அந்தச் செம்பைக் கதைக்குள் கொண்டுவந்து வைத்தது யார் என்று நான் யோசித்ததுண்டு. நா வறண்டு பேருந்தில் போய்வந்த ஏதோ ஒரு பெண்ணாகத்தான் இருக்க வேண்டும்.

வெற்றிலைக் கதையை இனி வீட்டில் சொல்லக்கூடாது என்று நான் கேட்கப்போவதில்லை. ஆனால் அதைச் சொல்லும்போது பெரியம்மாவின் கேள்வியையும் சேர்த்துச் சொல்லலாம். சாலை எங்கே போகிறது என்று வரைபடம் காட்டிவிடும். யார் எங்கே நிற்கலாம் என்பதை நடந்து பார்த்தவர்கள்தான் சொல்ல வேண்டும். நீங்களும் ஒரு பயணத்துக்கு நோட்டுப் போட்டால் அந்த நான்கு கட்டங்களைப் போட்டுப் பாருங்கள். எந்தெந்தக் கட்டம் காலியாக இருக்கிறது என்று பார்த்தால், இந்த நாட்டின் சாலைகள் யாரை மனதில் வைத்துப் போடப்பட்டவை என்று தெரிந்துவிடும்.

தை பிறந்ததும் கிளம்புகிறோம். மதுரைக்கு அருப்புக்கோட்டை வழியாகத்தான் போக வேண்டும். நான் நோட்டில் மங்கம்மாள் சத்திரத்தை முதல் நிறுத்தமாக எழுதியிருந்தேன் அல்லவா, அதற்கு மேலே இருந்த காலி வரியில் பெரியம்மா இன்னொன்றை எழுதச் சொன்னார். சித்தியின் கல். கடப்பாரையும் ஒரு குடம் தண்ணீரும் வண்டியில் ஏற்ற வேண்டும். மேல்கல்லைத் தூக்கி வைக்க நான்கு பேர் போதும் என்கிறார்.

குடத்துத் தண்ணீர் எதற்கு என்று கேட்டேன்.

“கல்லக் கழுவணும். மிச்சத்தக் குடிக்கணும். அதான் நிக்கிறதுக்கு எடம் எழுதி வச்சிருக்கியே.”